அகதிகள் குடியேறிய அரண்மனை



உத்தியோகத்திலிருந்து இளைப்பாறும் காலம் நெருங்கும்போது நம்மவர் மனத்தில் எழும் ஆசைகள் இரண்டு. பிறந்த ஊருக்குத் திரும்பிச் சென்று நல்லதொரு கல்வீடு கட்டவேண்டும் என்பது ஒன்று. வளவிலே கத்தரியும் வெண்டியும் நட்டு, தம் கையாலேயே நீர் வார்த்து வளர்க்கவேண்டும் என்பது மற்றொன்று. இவ்வாசைகள் நமக்கு மாத்திரமே உரியன என்று எண்ணிவிட வேண்டாம். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்னர், உரோம சாம்ராச்சியம் முழுவதையும் ஆண்ட சக்கரவர்த்தி ஒருவரும் இவ்விரண்டையும் விரும்பினார். விரும்பியவாறே செய்தும் முடித்தார். அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கின்றது. ஆனால் இப்பொழுது அது வீடன்று, ஓர் ஊர். அவ்வூருக்கே இவ்வாரம் உங்களை அழைத்துச் செல்ல எண்ணுகின்றேன்.

இத்தாலி நாட்டின் கிழக்குக் கரையிலே அலை மோதுவது அத்திரியாற்றிக் கடல். அதன் எதிர்க் கரையிலே குரோஷியா நாடு உளது. அந்நாட்டின் தல்மேஷியாக் கரையோரத்தில், முன்னே கடலும் பின்னே வறண்ட சுண்ணாம்புக்கல் மலைகளும் சூழ அமைந்திருக்கும் துறைமுகப் பட்டினமே ஸ்பிளிற். குரோஷியாவில் தலைநகருக்கு அடுத்த பெரிய நகரம் இது. இதன் நடுவே, நாற்புறமும் உரோமர் எழுப்பிய மதில்களுக்குள் அடங்கிக் கிடக்கும் பழைய ஊரே சக்கரவர்த்தியின் வீடு.

அவர் பெயர் டயோக்கிளீசியன். இப்பகுதியிலே, சலோனா என்னும் நகரத்தை அடுத்து, எளிய குடியொன்றிற் பிறந்தவர். படையிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, கி. பி. 284ஆம் ஆண்டிலே போர்வீரர்களாற் சக்கரவர்த்தியெனப் பிரகடனம் செய்யப்பட்டார். அப்பதவி அந்நாளில் ஒருவருக்கும் நல்வாழ்வு தந்ததில்லை. அவருக்கு முந்திய ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்டோர் அரியணை ஏறியிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வாளுக்கு இரையாயினர். டயோக்கிளீசியனோ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். பரந்த நாட்டை ஒருவர் ஆளுதல் இயலாதெனக் கண்டு, 293ஆம் ஆண்டில் நால்வர் ஆளும் முறையை வகுத்தார். விலைவாசி ஏற்றத்தைத் தடுக்க எண்ணி 301ஆம் ஆண்டில் ஒவ்வொரு பண்டத்துக்கும் உச்ச விலை விதித்தார். பண்டங்கள் சந்தையிலிருந்து மறைந்தனவேயன்றி விலை இறங்கவில்லை. அந்த அனுபவம் நமக்குப் புதிதன்று.

அவருடைய ஆட்சியிற் படிந்த பெருங் கறையும் ஒன்றுண்டு. 303ஆம் ஆண்டு முதல் கிறிஸ்தவர்களை ஒடுக்கும் கட்டளைகளைப் பிறப்பித்தார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, வேத நூல்கள் தீயிலிடப்பட்டன, பலர் கொலையுண்டனர். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். சற்றுப் பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

305ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, எவரும் எதிர்பாராத ஒன்றை அவர் செய்தார். படையினர் கூடிய பெருஞ் சபையிலே தமது செங்கருநீல அங்கியைக் களைந்து, பதவியைத் துறந்தார். தாமாக முடியைத் துறந்த முதல் உரோமச் சக்கரவர்த்தி அவரே. துறந்தபின், தமக்கென முன்னரே கட்டுவித்த மாளிகைக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகள் கழிந்தபோது நாட்டிற் குழப்பம் மூண்டது. மீண்டும் வந்து ஆட்சியை ஏற்குமாறு பழைய தோழர்கள் அவரை வேண்டினர். தம் கையால் நட்டு வளர்த்த காய்கறிகளை அவர்கள் ஒரு முறை வந்து பார்ப்பார்களாயின், இப்படியொரு வேண்டுகோளை விடுக்கமாட்டார்கள் என்று அவர் மறுமொழி சொன்னதாகப் பழைய வரலாறு கூறுகின்றது. அக்காய்கறி கோவா என்றே பிற்காலத்தார் கதை சொல்லி வருகின்றனர்.

கோவாத் தோட்டக்காரரின் வீடென்றால் சிறிய குடிசையென்று எண்ண வேண்டாம். கிழக்கு மேற்கு மதில்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 215 மீற்றர் நீளம். வடக்கு தெற்கு மதில்கள் ஏறக்குறைய 180 மீற்றர். கரையை நோக்கிய மூன்று பக்கங்களிலும் சேர்த்துப் பதினாறு காவற் கோபுரங்கள். வெண்ணிறக் கல்லைப் பக்கத்திலுள்ள பிராச் தீவிலிருந்து வெட்டிக் கொணர்ந்தனர். கருங்கற் சிலைகளை எகிப்திலிருந்து கப்பலேற்றி வந்தனர். தண்ணீர் கொணர்வதற்காக ஜாத்ரோ ஆற்றின் ஊற்றிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் நீளக் கால்வாய் அமைத்தனர். தென்புற மதிலின் அடியை அந்நாளிற் கடலே கழுவிக்கொண்டிருந்தது. வடபாதியிலே படைவீரரும் ஏவலாளரும் இருந்தனர். கடலை நோக்கிய தென்பாதியிலே சக்கரவர்த்தி இருந்தார். பாதி மாளிகை, பாதி பாசறை எனலாம். அமைதியை நாடி வந்தவர் அச்சத்தை வெளியே விட்டு வரவில்லை என்பதற்கு அம்மதில்களே சான்று.

அவ்வளவு பெரிய மதிலும் அவர் குடும்பத்தைக் காக்கவில்லை. அவருடைய மகள் வலேரியாவைப் பின்வந்த ஆட்சியாளன் ஒருவன் நாடு கடத்தினான். மகளைத் தம்மிடம் அனுப்பிவிடும்படி முதியவர் திரும்பத் திரும்ப வேண்டினார். செவிசாய்ப்பார் இல்லை. உலகையே ஆண்டவர் ஒரு தகப்பனாக இரந்து நின்று, அது பலியாமலே இறந்தார். பின்னர் மகளும் மனைவியும் கொலையுண்டனர்.

இனித்தான் நமது கதையின் முக்கியமான கட்டம் வருகின்றது.

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அவாரியரும் சிலாவியரும் வடக்கிலிருந்து படையெடுத்து வந்தனர். தல்மேஷியாவின் தலைநகரான சலோனா வீழ்ந்து பாழாயிற்று. நகர மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினர்; பலர் முதலில் அருகிலிருந்த தீவுகளிற் புகலடைந்தனர் என்பது பழைய வரலாறு. ஊரை விட்டு ஓடுவது இன்னதென்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவ்வாறு அலைந்தவர்களுக்குச் சில கிலோமீற்றர் தொலைவிலே கடலோரத்தில் நின்ற பழைய மாளிகையின் நினைவு வந்தது. மதில் இருந்தது, வாயில்கள் இருந்தன, கூரையின் கீழ் இடம் இருந்தது. உள்ளே புகுந்தனர். ஒரு மனிதரின் ஓய்வுக்காகக் கட்டப்பட்ட வீடு ஒரு நகரத்தின் உயிரைக் காத்தது. வசதியுள்ளோர் தம் செலவில் வீடு கட்டிக்கொண்டதாகவும், ஏனையோர் கோபுரங்களிலும் நிலவறைகளிலும் குடியேறியதாகவும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமா என்னும் குருவானவர் தமது நூலில் எழுதியிருக்கின்றார்.

அன்று உள்ளே புகுந்தவர்கள் வெளியேறவில்லை. அவர்கள் வழிவந்தோரும் பின்னர் வந்து கலந்த குரோஷியரும் அங்கேயே வீடு கட்டினர்; மணம் முடித்தனர்; பிள்ளைகளைப் பெற்றனர். வெனிஸ் நாட்டவர் 1420 முதல் 1797 வரை ஆண்டனர்; பின்னர் ஒஸ்திரியர் ஆண்டனர்; அதன்பின் யூகோஸ்லாவியா தோன்றி மறைந்தது; 1991இல் குரோஷியா தனிநாடாயிற்று. கொடிகள் மாறினவேயன்றி மதிலுக்குள் அடுப்புப் புகை ஒரு நாளும் நிற்கவில்லை.

வாருங்கள், வடக்கேயுள்ள பொன் வாயில் வழியாக உள்ளே செல்வோம். சலோனாவிலிருந்து வரும் பாதை இவ்வாயிலிலேதான் முடிவடைந்தது. வாயிலின் மேலே, காவலர் உலாவிய ஒடுங்கிய இடைவழியிலே, தூய மார்ட்டின் பெயரால் ஒரு சிற்றாலயம் அமைந்திருக்கின்றது. நீளம் ஏறக்குறைய 10 மீற்றர், அகலமோ 1.64 மீற்றர். நடுத்தர உயரமுள்ள ஒருவர் இரு கைகளையும் விரித்தால் இரு சுவர்களையும் தொடலாம். காவலர் காலடி ஓசை கேட்ட இடத்திலே மக்கள் முழந்தாளிட இடம் கண்டனர்.

உள்ளே தெருக்கள் ஒடுங்கியவை. சில இடங்களில் எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். ‘என்னைப் போகவிடு’ என்னும் பொருள்படவே அங்குள்ள ஒரு சந்துக்குப் பெயர் இட்டிருக்கின்றனர். உரோமர் தூண்களுக்கிடையே பிற்காலத்தார் சுவர் எழுப்பி, அச்சுவரில் யன்னல் வைத்து, அந்த யன்னலிற் பூச்செடி வைத்திருக்கின்றனர். ஒரே சுவரிலே மூன்றாம் நூற்றாண்டுத் தூணையும், பதினைந்தாம் நூற்றாண்டு வாயில்நிலையையும், இந்நாளின் உடுப்புக் காயப்போடும் கயிற்றையும் ஒருங்கே காணலாம்.

சில நிமிட நடையில் ஊரின் நடுவே தூண்கள் சூழ்ந்த முற்றத்தை அடைகின்றோம். இங்கேதான் சக்கரவர்த்தி காட்சி கொடுப்பார். வந்தவர்கள் அவரைத் தெய்வமெனப் பணிந்து மண்டியிடுவர். முற்றத்தின் ஓரத்திலே கரிய கல்லிற் செதுக்கிய சிங்க உடலும் மனித முகமும் கொண்ட ‘ஸ்பிங்ஸ்’ ஒன்று படுத்திருக்கின்றது. எகிப்திலிருந்து கொணரப்பட்ட அது, டயோக்கிளீசியன் பிறக்கும்போதே 1,600 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையதாக இருந்தது.

முற்றத்தின் கிழக்கே எண்கோண வடிவில் எழுந்து நிற்பது சக்கரவர்த்தி தமக்கெனக் கட்டுவித்த சமாதி மண்டபம். சுற்றிவர இருபத்துநான்கு தூண்கள். உள்ளே அவர் உடல் வைக்கப்பட்டிருந்த கற்பேழை எங்கே போயிற்று என்பதை எவரும் அறியார். பேழை இருந்த மண்டபமோ இன்று கத்தோலிக்கப் பேராலயம். அது யாருடைய பெயரால் வழங்குகின்றது என்பதைக் கேளுங்கள். சலோனாவின் மேற்றிராணியாராயிருந்து, டயோக்கிளீசியனின் கட்டளைகள் நடைமுறையிலிருந்த 304ஆம் ஆண்டிலே கொலையுண்ட தூய தொம்னியூஸ் பெயரால்! மற்றொரு பீடம் அனஸ்தாசியூஸ் என்பவருக்கு உரியது. அவர் துணி வெளுக்கும் தொழிலாளி. கழுத்திற் கல்லைக் கட்டி நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டவர் என்பது வழிவழி வந்த செய்தி. கொல்வித்தவரின் கல்லறையிலே கொல்லப்பட்டவர்களுக்கு விளக்கேற்றப்படுகின்றது. ஆண்டுதோறும் மே மாதம் 7ஆம் திகதி தொம்னியூஸ் திருநாளை ஊர் முழுவதும் கொண்டாடுகின்றது. ஆனாலும், உட்சுவரின் உயரத்தே செதுக்கப்பட்டுள்ள, சக்கரவர்த்தியும் அவர் மனைவியும் என்று கருதப்படும் இரு முகங்களை எவரும் உடைத்தெறியவில்லை. அவை இன்றும் பூசையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பேராலயத்தின் கதவுகளையும் பாராமல் வரலாகாது. 1214ஆம் ஆண்டில் அந்திரியா பூவினா என்னும் சிற்பி ‘வால்நட்’ மரத்திலே யேசுநாதரின் வாழ்வை இருபத்தெட்டுப் படலங்களாகச் செதுக்கிய கதவுகள் அவை. முற்றத்துக்கு மேற்கே இருந்த யூப்பித்தர் கோவிலும் இடிபடவில்லை. அது ஞானஸ்நானம் அளிக்கும் மண்டபமாயிற்று.

முற்றத்தின் தென்முனையிற் படியேறினால் வட்டமான ஒரு மண்டபம் வருகின்றது. அதன் கவிகை நடுவிலே திறந்து வானத்தைக் காட்டுகின்றது. ஓசை திரண்டு ஒலிக்கும் அவ்விடத்திலே, வாத்தியமின்றிப் பலர் கூடிப் பாடும் ‘கிளாப்பா’ என்னும் தல்மேஷிய இசையைக் கேட்கலாம். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விசையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

அதே முற்றத்திலிருந்து படியிறங்கினால் நிலவறைகளை அடையலாம். இங்கே மாணவர்கள் கவனிக்கவேண்டிய வேடிக்கையொன்று உண்டு. மேலே குடியிருந்தோர் நூற்றாண்டு நூற்றாண்டாகத் தளத்திலே துளையிட்டுக் குப்பையையும் கழிவையும் கீழே கொட்டி வந்தனர். நிலவறைகள் கூரைவரை நிறைந்தன. நிறைந்ததனாலேயே கெடாமல் இருந்தன! இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆராய்ச்சியாளர் அக்குப்பையை அகற்றியபோது, உரோமர் கட்டிய வளைவுகள் கட்டியவாறே வெளிப்பட்டன. மேலே இருந்த சக்கரவர்த்தியின் அறைகள் பெரும்பாலும் அழிந்துபோயின. ஆனால் அவற்றைத் தாங்குவதற்காகவே நிலவறைகள் அதே அமைப்பிற் கட்டப்பட்டிருந்தமையால், கீழே பார்த்து மேலே எவ்வாறு இருந்ததென்று வரைந்துகொள்ள முடிந்தது.

அதற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் முன்னரே இம்மாளிகையை வரைய வந்தவர் ஒருவர் உண்டு. 1757ஆம் ஆண்டிலே றொபேட் அடம் என்னும் ஸ்கொத்லாந்துக் கட்டடக் கலைஞர் உதவியாளருடன் இங்கு வந்து ஐந்து வாரங்கள் தங்கி அளவெடுத்தார். கோட்டையை வேவு பார்க்க வந்த ஒற்றனோ என்று வெனிஸ் அதிகாரிகள் ஐயுற்றனர். ஒருவாறு பணியை முடித்து, 1764இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். பின்னர் அவர் இங்கிலாந்தில் அமைத்த மாளிகைகளின் தூண்களிலும் கூரைகளிலும் இங்கு கண்ட அழகின் சாயல் படிந்தது.

இனி ஒரு வழக்கைச் சொல்லி, தீர்ப்பை வாசகர்களிடமே விடுகின்றேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அறிஞரிடையே ஒரு வாதம் எழுந்தது. மாளிகையைச் சுற்றியும் உள்ளும் ஒட்டிக்கொண்டுள்ள பிற்காலத்து வீடுகளை இடித்து, சக்கரவர்த்தியின் கட்டடத்தைத் தூய வடிவிலே வெளிப்படுத்தவேண்டும் என்றனர் ஒரு சாரார். அப்பழைய வீடுகளும் வரலாறேயாகும், எல்லாக் காலத்துத் தடங்களும் காக்கப்படவேண்டும் என்றனர் மறு சாரார். வியன்னாவைச் சேர்ந்த கலை வரலாற்றறிஞர் அலோயிஸ் றீகல் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவர். சில கட்டடங்கள் இடிபட்டன. பேராலயத்தை அடுத்திருந்த பழைய மேற்றிராணியார் இல்லம் 1924இல் மறைந்தது. ஆயினும் ஊர் பிழைத்தது. 1979ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, மாளிகையை மட்டுமன்றி, அதனுள் வளர்ந்த ஊரையும் சேர்த்தே போற்றியது.

இடிப்பவர்களிடமிருந்து தப்பிய ஊருக்கு இன்று வேறொரு சோதனை வந்திருக்கின்றது. அது அன்புடன் வருகின்றது, பணத்துடனும் வருகின்றது. கோடை காலத்திலே உல்லாசப் பயணிகள் கப்பல் கப்பலாக வந்திறங்குகின்றனர். மதிலுக்குள் உள்ள வீட்டில் ஒரு குடும்பத்தைக் குடியிருத்துவதிலும், நாள் வாடகைக்குப் பயணிகளுக்கு விடுவதில் வருமானம் அதிகம். பலசரக்குக் கடை இருந்த இடத்தில் நினைவுப் பொருட்கடை வருகின்றது. இரவு முழுவதும் ஆரவாரம்; பொருள்களைப் படிகளில் ஏற்றி இறக்கும் சிரமம்; வாகனம் நுழையாத சந்துகள். இவற்றையெல்லாம் சகித்திருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக மதிலுக்கு வெளியே புதிய மாடி வீடுகளை நாடிச் செல்கின்றன. வீட்டை நல்ல விலைக்கு விற்றுப் போகின்ற குடும்பத்தை நாம் குறை கூறுதல் நியாயமன்று. மாடியேற முடியாத பாட்டிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அவர்கள் வழி பார்க்கவேண்டும். ஆனால் எல்லாரும் போய்விட்டால், அவாரியரின் வாளுக்கும் வெனிஸின் பீரங்கிக் காலத்துக்கும் தப்பி நின்ற ஊர், பகலிலே கூட்டமும் மாரிக்கால இரவிலே இருட்டும் உடைய வெறுங் கட்டடமாகி விடும்.

சலோனாவையும் இவ்வூரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சலோனா தலைநகர், பெரிய அரங்கும் ஆலயங்களும் கொண்டது. மக்கள் அதனை விட்டு நீங்கினர். இன்று அது புல் முளைத்த அடித்தளங்கள். அதே மக்கள் புகுந்த மாளிகை இன்றும் கூரையோடு நிற்கின்றது. அங்கே குடியிருந்தவர்கள் அதனைப் பாதுகாக்கவேண்டும் என்று எண்ணியவர்கள் அல்லர். துளையிட்டனர், சுவர் வைத்தனர், குப்பை கொட்டினர். ஆயினும் ஒழுகிய கூரையை ஓடு மாற்றினர். சரிந்த சுவரைத் தாங்கு கொடுத்து நிறுத்தினர். அது தங்கள் வீடு என்பதனாலே செய்தனர். கல்லுக்குக் காவல் மதிலன்று, உள்ளே குடியிருப்பவரே. இதுவே இம்மாளிகை நமக்குச் சொல்லும் செய்தி.

புறப்படுமுன் கிழக்கேயுள்ள வெள்ளி வாயில் வழியாக வெளியே வாருங்கள். மதிலை ஒட்டியே ஊர்ச் சந்தை கூடுகின்றது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வருவோர் பழங்களும் கீரைகளும் காய்கறிகளும் பரப்பி விற்கின்றனர். கோவாவும் அவற்றுள் உண்டு. உல்லாசப் பயணி பழம் வாங்குவான், கோவா வாங்கமாட்டான். கோவா வாங்குகிறவர் அடுப்பு உடையவர். பையை நிரப்பிக்கொண்டு வெள்ளி வாயிலுக்குள் திரும்பிச் செல்வோர் இருக்கும்வரை, டயோக்கிளீசியன் கட்டிய வீட்டிலே ஊர் வாழ்கின்றது என்று நாம் நம்பலாம்.